ஏழாம் பாடம், ஒன்பதாம் கேள்வி

தப்பு. தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று சேகர குரு கிப்சன் ஐயா பிரசங்க மேடையில் நின்று மூன்று விரலை விரித்ததுமே எனக்குள்ளே சிவப்புப் பேனாவின் மூடி திறந்துவிட்டது. திரியேகத்துக்கு இந்த உதாரணம் ஆகவே ஆகாது என்று என் அஞ்சல்வழி வேதபாடத்தின் பத்தாம் பாடத்தில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன். தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகிவிட்டால் அங்கே தண்ணீர் கிடையாது. பிதாவும் குமாரனும் பரிசுத்த ஆவியும் அப்படி ஒருவர் போய் ஒருவராக வருகிறவர்கள் இல்லை, மூவரும் எப்போதும் இருக்கிறவர்கள். ஒரே ஆள் வேஷம் மாற்றுகிறார் என்று சொன்னவர்களைச் சபை ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டது, இவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் மைக் வைத்து உள்ளே கூப்பிடுகிறார். ஐந்து மதிப்பெண் குறைத்தேன். பாவம், நல்ல பிள்ளை, குரல் கணீரென்று இருக்கிறது, பதினாலு வயதில் நம்மிடம்தான் பன்னிரண்டு பாடமும் முடித்தார், எண்பத்தைந்து எடுத்தார், அப்போதும் பத்தாம் பாடத்தில்தான் வழுக்கினார். வேத சாஸ்திரக் கல்லூரியில் நாலு வருஷம் படித்தும் அந்த வழுக்கல் போகவில்லை. நான் எங்கேயும் படிக்கவில்லை. பள்ளி இறுதி வகுப்பு, தட்டச்சு மேல்நிலை, அவ்வளவுதான். ஆனாலும் இந்தக் கோயிலுக்குள் இப்போது உட்கார்ந்திருக்கிற நானூறு பேரில் அந்த உதாரணம் ஏன் தப்பு என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் திர்சாள் நவமணி, இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சு, சுவரோரம். இதை நினைத்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. பெருமை முதல் பாவம் என்று எட்டாம் பாடத்தில் எழுதியவளும் நான்தான். அந்தப் பாடத்தை அவ்வளவு நன்றாக எழுதியதிலும் எனக்குப் பெருமை உண்டு, என்ன செய்ய.

முதுகு நிமிர்ந்ததில் மடியிலிருந்த கைப்பை சரிந்தது, சட்டென்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அந்தக் காகிதம் இருக்கிறது. பக்கத்தில் ஆனிபாய் மதினி, என் அண்ணன் பெண்டாட்டி, கோயிலில் எனக்குப் பக்கத்து இடத்தை யாருக்கும் கொடுக்காதவள், விசிறிக்கொண்டே காதோரம் சாய்ந்தாள். "திர்சா, அந்தச் சேலை மடிப்பக் கொஞ்சம் இழுத்து விடு. இன்னும் செத்த நேரத்துல மேடைக்குக் கூப்பிடுவாவ. போட்டோ எடுக்காவளாம்." நேற்றே சேலையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தாயிற்று, அது முறுக்கு மாதிரி நிற்கிறது, இன்னும் எங்கே இழுத்துவிட. இன்றைக்கு வேதாகம ஞாயிறு. பலிபீடத்துக்கு முன்னால் படியில், ஐயாவுக்குக் கோயில் வேலையில் துணையான உபதேசியார் அடுக்கிவைத்த கட்டுக்கட்டாகப் புத்தகம், ஒவ்வொரு கட்டுக்கும் ஊதா ரிப்பன், அச்சு மையின் வாசனை மூன்றாவது பெஞ்சு வரைக்கும் வருகிறது. 'திறந்த ஏடு அஞ்சல்வழி வேதபாடம், பன்னிரண்டு அடிப்படைப் பாடங்கள், பத்தாம் பதிப்பு, ஐயாயிரம் பிரதிகள்.' கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில், எழுதியவர் தி. நவமணி. முதல் ஒன்பது பதிப்பிலும் என் பெயர் உள்ளே கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. இந்தத் தடவைதான் அட்டைக்கு வந்திருக்கிறது. வேதாகமம் எப்படி வந்தது, சபை எப்படி வளர்ந்தது, எதை நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்று ஒன்றுமே தெரியாதவனுக்கும் புரிகிற மாதிரி சொல்கிற புத்தகம். இருபத்தாறு வருஷத்தில் நாற்பதாயிரம் பேர் படித்திருக்கிறார்கள். பனையேறுகிறவர், பஸ் கண்டக்டர், சிறைக்குள் இருக்கிறவர், நெய்வேலியில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுப் பதில் எழுதுகிற பெண்கள். ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை, எல்லார் கையெழுத்தும் தெரியும். ஆராதனை முடிகிறபோது ஐயா புத்தகத்தைப் பிரதிஷ்டை செய்வார், எனக்குப் பொன்னாடை போர்த்துவார், தோல் அட்டை போட்ட பெரிய வேதாகமம் ஒன்று பரிசு கொடுப்பார், நான் இரண்டு நிமிஷம் சாட்சி சொல்ல வேண்டும். தோல் அட்டை வேதாகமம் ரகசியம். மதினி வாயில் எது நின்றது, மூன்று நாளுக்கு முன்பே சொல்லிவிட்டாள்.

போன திங்கட்கிழமை என்றால் இந்நேரம் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருப்பேன். செவ்வாய்க்கிழமை வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. செவ்வாய்க்கிழமையைப் பற்றி இப்போது நினைக்கவேண்டாம். பாக்கியநாதன் ஐயாவை நினைப்போம். அவர்தான் திறந்த ஏட்டைத் தொடங்கினவர், பாளையங்கோட்டையில் ஓட்டுக் கட்டடத்தில் இரண்டு அறை, ஒரு தட்டச்சு இயந்திரம், தட்டச்சு செய்ய நான். அவர் அறைக்குள் நடந்துகொண்டே சொல்லுவார், நான் அடிப்பேன். ஆறு பாடம் அப்படித்தான் முடிந்தது. ஏழாம் பாடம் திருச்சபைச் சரித்திரம். அதற்குக் குறிப்பு மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு மதியம் சாப்பிடப் போனார், வீட்டு வாசல் படியிலேயே விழுந்துவிட்டார், மறுநாள் அடக்கம். அச்சகத்தில் தேதி கொடுத்தாயிற்று. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை மாணவர்களுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. பெரிய படிப்புப் படித்த இரண்டு பேரிடம் போய்க் கேட்டேன், ஒருவர் நேரமில்லை என்றார், மற்றவர் என்னைப் பார்த்து, "நீயே அடிச்சு விடேம்மா, இத்தனை நாள் கேட்டிருக்கியே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே எழுதினேன். அந்தக் குறிப்புத் தாளை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு கையையும் விசைகளின் மேல் வைத்து, யாரும் சொல்லாமல் முதல் வாக்கியம் அடித்தேன். பக்கம் நிரம்பும்வரை நிறுத்தவில்லை. என் பிள்ளை அது. கல்யாணம் ஆகவில்லை எனக்கு, அதைப் பற்றிக் குறையும் இல்லை, ஆனால் ஏழாம் பாடத்தைத்தான் நான் பெற்றதாக நினைத்துக்கொள்வேன். தலைப்பிள்ளை. எத்தனை கடிதம் வந்தது அதைப் புகழ்ந்து! வேளாங்குளத்திலிருந்து ஒரு வாத்தியார், சரித்திரம் கதை மாதிரி ஓடுகிறது என்று எழுதினார். அந்தக் கடிதத்தைத் தேடப் போய்த்தான்... வேண்டாம் என்றேனே.

மேடையில் ஐயா இப்போது அச்சு இயந்திரத்துக்கு வந்துவிட்டார். தரங்கம்பாடியில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சான கதை. சரியாகத்தான் சொல்கிறார், ஆண்டும் சரி. தலைக்கு மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக் டக்கென்கிறது, என் அறையில் ரப்பர் முத்திரை குத்துகிற சத்தம் மாதிரியே. முத்திரை. எதை நினைத்தாலும் அங்கேதான் போய் இடிக்கிறது. சரி, நினைத்தே தீர்த்துவிடுவோம், சாட்சி சொல்லப் போகிறவள் தனக்குள்ளேயாவது ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கட்டும். பாடத்துக்கு இருபது கேள்வி, கேள்விக்கு ஐந்து மதிப்பெண். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடை கொடுத்திருப்போம், சரியானதற்கு டிக் போடவேண்டும். ஒரு நாளைக்கு நூறு விடைத்தாள் வரும் காலத்தில் ஒவ்வொன்றையும் வாசித்துக்கொண்டிருக்க முடியாது என்று நான் ஒரு வேலை செய்தேன். தினக் காலண்டர் அட்டையை விடைத்தாள் அளவுக்கு வெட்டி, சரியான விடை வருகிற இடத்தில் மட்டும் துளை போட்டேன். அட்டையைத் தாள் மேல் வைத்தால் துளைக்குள் டிக் தெரியவேண்டும், தெரியாத துளையில் சிவப்புப் பெருக்கல் குறி. நிமிஷத்துக்கு மூன்று தாள். மற்ற ஊர் அஞ்சல் பாடக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு அதே மாதிரி செய்துகொண்டு போனார்கள், அப்போது நான் நடந்த நடையைப் பார்த்திருக்கவேண்டும். பிறகு முத்திரை. விடை தப்பு என்று எவனாவது எதிர்த்து எழுதினால் பதில் எழுதிக்கொண்டிருக்க முடியாது, 'பாடத்தை மீண்டும் வாசிக்கவும்' என்று ஒரு ரப்பர் முத்திரை செய்துவைத்தேன். அஞ்சலட்டையில் முகவரி எழுதிப் பின்பக்கம் ஒரு குத்து. இன்னொன்று, பன்னிரண்டு பாடத்திலும் நூற்றுக்கு நூறு எடுத்தவர்களுக்குத் தோல் அட்டை வேதாகமம். நாற்பதாயிரம் பேரில் அதை வாங்கினவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பெயரையும் எங்கே எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பத்தாவது ஒருத்தர் இருந்திருக்கவேண்டும். சுடலைமுத்து, எடைக் கொட்டகை, உப்பளம், வேப்பலோடை. பதினோரு வருஷத்துக்கு முன்னால். பெயரைப் பார்த்ததும் இந்த ஆள் எங்கே நாலு பாடம் தாண்டப் போகிறார் என்று நினைத்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். ஆள் தாண்டினார். தாளின் ஓரம் எப்போதும் லேசாக விறைத்து, தொட்டால் விரலில் உப்பு ஒட்டும். நூறு, நூறு, நூறு, ஆறு பாடமும் நூறு. ஏழாம் பாடம் தொண்ணூற்றைந்து. ஒன்பதாம் கேள்வி, எந்தெந்த நூல்கள் வேதாகமத்தில் இருக்கவேண்டும் என்று தீர்மானித்த சங்கம் எது? மூன்றாவது விடையான நிசேயாவின் துளைக்குள் டிக் இருக்கவேண்டும். இல்லை. சிவப்புப் பெருக்கல் போட்டேன். மிச்ச ஐந்து பாடமும் நூறு. முதல் வகுப்புச் சான்றிதழ் போனது, வேதாகமம் போகவில்லை. பதினைந்து நாளில் அந்த ஏழாம் பாட விடைத்தாளையே திருப்பி அனுப்பி ஒரு கடிதம் வைத்திருந்தார். அட்டை மறைத்த ஓரத்தில் நீல மையில் அவர் முதலிலேயே எழுதியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். 'அம்மா, மூன்றும் இல்லை.' கடிதத்தில், தூத்துக்குடி நூலகத்தில் தடிப்பான சரித்திரப் புத்தகம் ஒன்று இருக்கிறது, நாலு விடுமுறை நாள் போய் உட்கார்ந்து வாசித்தேன், நிசேயாவில் கூடினவர்கள் குமாரன் படைக்கப்பட்டவரா, பிதாவோடு ஒரே தன்மை உடையவரா என்றுதான் பேசியிருக்கிறார்கள், புத்தகப் பட்டியலைத் தீர்மானிக்கவில்லை என்று எழுதியிருந்தார். கடைசி வரி, 'எனக்குப் பரிசு வேண்டாம் அம்மா. என் பதில் சரியா என்று மட்டும் சொல்லுங்கள்.' உப்பு நிறுக்கிறவர் எனக்குச் சபைச் சரித்திரம் சொல்லுகிறாரா என்று சுருக்கென்றது. அஞ்சலட்டை எடுத்தேன், முகவரி எழுதினேன், திருப்பினேன், குத்தினேன். அதற்குப் பிறகு வேப்பலோடையிலிருந்து ஒன்றும் வரவில்லை. துளை அட்டையின் மேல் முதல் பழியைப் போடலாம். இரண்டாவது பழி என் கைமேல்தான் கிடக்கிறது.

செவ்வாய்க்கிழமை, பழைய கடிதங்களைக் கோயில் வராந்தாவில் கண்காட்சி வைக்கலாம் என்று கிப்சன் ஐயா சொல்லியிருந்தார், நான் வேளாங்குளத்து வாத்தியாரின் புகழ்ச்சிக் கடிதத்தைத் தேடிக் கோப்பைக் கவிழ்த்தேன். அது வரவில்லை, இது வந்தது. இன்னும் விறைப்பாக, ஓரத்தில் வெள்ளை பூத்து. என்ன தோன்றியதோ, அந்துருண்டை வாசனை அடிக்கிற அலமாரியைத் திறந்து பாக்கியநாதன் ஐயாவின் பெரிய சரித்திரப் புத்தகத்தை இறக்கினேன். இருபத்தாறு வருஷமாக அதைத் துடைத்து வைத்திருக்கிறேன், விரித்ததில்லை, ஆங்கிலத்தில் இருக்கிறது, அகராதி வைத்துப் படிக்கச் சோம்பல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது. உண்மையில் பயம். அன்றைக்குப் படித்தேன், மதியம் சாப்பிடக்கூட இல்லை. சுடலைமுத்து சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. முந்நூற்றிருபத்தைந்தில் நிசேயாவில் அந்தப் பேச்சே தீர்மானத்துக்கு வரவில்லை. இன்று நம் கையிலிருக்கிற புதிய ஏற்பாட்டு நூல்கள் இருபத்தேழும், கூடாமல் குறையாமல், ஒரே பட்டியலில் முதன்முதலாகக் கிடைப்பது அதற்கு நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, அலெக்சாந்திரியாவின் பேராயர் தம் சபைகளுக்கு எழுதிய ஈஸ்டர் காலக் கடிதம் ஒன்றில். கடிதம்! அஞ்சல்வழிப் பாடம் நடத்துகிற எனக்கு அந்தச் சொல்லைப் பார்த்ததும் முகம் சுட்டது. பிறகு என் பழைய பெட்டியின் அடியிலிருந்து பாக்கியநாதன் ஐயாவின் குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு வரி, நிசேயா, முந்நூற்றிருபத்தைந்து. அடுத்த வரி, வேதநூல் பட்டியல், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், ஆண்டு பார்க்க. அவ்வளவுதான். அவர் இரண்டு வரியாக எழுதியதை ஒரே வாக்கியமாக ஒட்டியது நான். தட்டச்சுக்காரப் புத்தி, வரி உடைந்திருந்தால் சேர்த்து அடிக்கும். ஆண்டு பார்க்க என்று ஒரு மனுஷன் சாப்பிடப் போகும்முன் எழுதி வைத்துவிட்டுப் போகிறார், நான் பார்க்கவில்லை. அச்சகத்துக்கு ஓடினேன், ஐயாயிரமும் கட்டி முடிந்து ரிப்பன் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழாம் பாடம், பக்கம் அறுபத்திரண்டு, அதே வாக்கியம், புது எழுத்தில் இன்னும் அழகாக.

"நம்ம திர்சாள் அம்மா ஏழாம் பாடத்துல எழுதியிருக்காங்களே, அன்பானவங்களே, நிசேயா மாநகரத்துல ஆயர்கள் கூடி, இந்தப் பரிசுத்த புத்தகத்துல எது எது இருக்கணும்னு முடிவு பண்ணுனாங்க!" கிப்சன் ஐயாதான். கையிலிருந்த வேதாகமத்தை உயர்த்திக் காட்டுகிறார். நானூறு தலையும் திரும்பி என்னைப் பார்க்கிறது, மதினி என் தொடையைத் தட்டுகிறாள், அவள் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. என் தப்பு பிரசங்க மேடையில் ஏறி அங்கி போட்டுக்கொண்டு நிற்கிறது. கல்லூரியில் அவருக்குச் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள், பரீட்சையில் சரியாகத்தான் எழுதியிருப்பார், ஆனால் பதினாலு வயதில் உள்ளே போனது போகவில்லை, அதைப் போட்டவள் நான். இப்படி இன்னும் எத்தனை மேடையில், எத்தனை வீட்டு ஜெபத்தில், எத்தனை ஞாயிறு பள்ளியில். பயமாக இருந்தது. அதற்குள்ளேயும் ஒரு மூலையில், பார், நான் எழுதினது எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்று ஒரு குரல். அடங்குகிற ஜாதியில்லை என் மனது.

பிரசங்கம் முடிந்தது, எல்லாரும் எழுந்தோம், இன்று நற்கருணை ஆராதனை, நிசேயா விசுவாசப் பிரமாணம். முழங்கால் வலித்தது. வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போகிறது, ஏழு வயதிலிருந்து சொல்கிற வாய். இன்றைக்கு முதல்முறையாகக் காதும் கூடவே போனது. பாதிக்கு மேல் குமாரன் யார், குமாரன் யார் என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. எந்தெந்தப் புத்தகம் என்று ஒரு சொல் கிடையாது. நிசேயா என்று பெயர் போட்டு ஒவ்வொரு நற்கருணைக்கும் என் வாயிலேயே விடை இருந்திருக்கிறது, நான் வேறு விடைக்குத் துளை போட்டிருக்கிறேன். நடுவில் என் குரல் நின்றுவிட்டது. மதினி திரும்பிப் பார்த்தாள். "என்னட்டி, மயக்கமா வருது? காலையில ஒண்ணும் திங்கலியா?" "ஒண்ணுமில்ல மதினி, நீங்க சொல்லுங்க," என்றேன். உட்கார்ந்ததும் கணக்குப் போட்டேன். ஒன்று, பேசாமல் இருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பொன்னாடையை வாங்கிக்கொண்டு, கர்த்தருக்கே மகிமை என்று சொல்லிவிட்டு இறங்கி, பதினோராம் பதிப்பில் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். நல்ல யோசனை, எல்லாரும் செய்கிறதுதான். எனக்கு அறுபத்தொரு வயது, பதினோராம் பதிப்பு எப்போதோ. இந்த ஐயாயிரம் பேர் ஏமாளிகளா? சரி, இரண்டாவது, ஐயாவிடம் தனியாகச் சொல்லலாம். அவர் நல்லவர், பிழைதிருத்தம் என்று பொடியாக ஒரு சீட்டு அடித்து உள்ளே செருகுவார், சீட்டு முதல் நாளே கீழே விழுந்துவிடும். அன்றைக்கு நீயே அடித்துவிடேன் என்று சிரித்தாரே, அந்தப் பெரிய படிப்புக்காரர், அவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், ஓய்வு பெற்று முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார், வழுக்கைத் தலை எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. சொன்னால் அந்தத் தலை ஆடும். தட்டச்சுக்காரி எழுதினால் இப்படித்தான் என்று இன்னொரு தரம் சிரிக்கும். இருபத்தாறு வருஷம் நான் நிமிர்ந்து நடந்தது அந்தத் தலைக்கு எதிரே நடப்பதற்காகத்தான்.

அப்புறம்தான் கோபம் வந்தது. யார் மேல் என்று முதலில் தெரியவில்லை. என் மேல்தான். திர்சாள் நவமணி திருத்திய தாளில் பிழை நிற்காது என்று ஊரெல்லாம் பேச்சு, ஒரு ஒற்றெழுத்துக்கூட என் சிவப்புப் பேனாவைத் தாண்டிப் போனதில்லை, சற்று முன்னால் சேகர குருவுக்கே ஐந்து மதிப்பெண் குறைத்த பெண்பிள்ளை, தன் தாளை மட்டும் அட்டை போட்டு மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவாளாமா? என் பெயர் இப்போது அட்டையில் இருக்கிறது. அந்தப் பெயர் போட்ட புத்தகத்தில் பொய் இருக்கலாமா? அந்த வழுக்கைத் தலை சிரித்தால் சிரிக்கட்டும், அவருக்கும் அது பொய்யென்று தெரிந்திருந்தால் இருபத்தாறு வருஷமாக ஏன் வாயைத் திறக்கவில்லை, ஒருவேளை வாசித்தே இருக்கமாட்டார். வாசித்தது ஒருத்தர். நாலு விடுமுறை நாள், வேப்பலோடையிலிருந்து தூத்துக்குடிக்கு பஸ் ஏறி, உப்புக் கையோடு, தடிப்பான புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்து வாசித்தது ஒருத்தர். என் பாடத்தைப் படித்துவிட்டுத்தானே அவருக்கு அந்தப் புத்தகத்தைத் தேடத் தோன்றியது? கல்லூரி வாசல் மிதிக்காத எத்தனையோ பேரை நான் வாசிக்க வைத்திருக்கிறேன், ஆனால் ஆசிரியையின் தப்பையே பிடிக்கிற அளவுக்கு வாசித்தவர் இவர் ஒருவர்தான். என் மாணவர். நெஞ்சுக்குள் ஏதோ பொங்கி வந்தது, கண் கலங்கிவிட்டது. அது பெருமைதான், வேறு பெயர் சொல்லி மறைக்கப்போவதில்லை.

நற்கருணையும் முடிந்தது. "திர்சாள் அம்மா முன்னால வரும்படி அன்போடு அழைக்கிறோம்." எழுந்தேன். நடுவழியில் விரித்திருந்த விரிப்பு செருப்பில்லாத காலுக்குக் குறுகுறுவென்றிருந்தது. ஐயா ஜெபம் பண்ணி, ரிப்பன் வெட்டி, பொன்னாடை போர்த்தினார், கை தட்டினார்கள், வேதாகமத்தைக் கையில் வைத்தார், கனமாக இருந்தது, தோல் வாசனை. "இருபத்தாறு வருஷ ஊழியத்தைப் பத்தி அம்மா ரெண்டு வார்த்தை." மைக்கைப் பிடித்தேன். வகுப்பில் நிற்பது போல நினைத்துக்கொண்டேன், நான் ஒரு நாளும் வகுப்பில் நின்றதில்லை, எல்லாம் தபால்தான். "எல்லாரும் ஒரு பேனா எடுங்க," என்றேன். யாரும் அசையவில்லை. "வேடிக்கைக்குச் சொல்லல. உபதேசியாரே, அந்தக் கட்டைப் பிரிச்சு ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுங்க. ஏழாம் பாடம், பக்கம் அறுபத்திரண்டு, ஒன்பதாம் கேள்வி. அது தப்பு. இருபத்தாறு வருஷமாத் தப்பு. எழுதினது நான்தான், பாக்கியநாதன் ஐயா இல்ல. நிசேயாவில கூடினது குமாரன் யாருங்கிறதைப் பேசி முடிக்க. புத்தகப் பட்டியலை அங்க யாரும் தீர்மானிக்கல. இப்பத்தானே பிரமாணம் சொன்னோம், அதுல எங்கயாவது பட்டியல் வந்துதா? அடிங்க அந்தக் கேள்விய." கிப்சன் ஐயா என் பக்கத்தில் வந்து மைக்கைக் கையால் மூடினார், காது வரைக்கும் சிவந்திருந்தார். "அம்மா, இத ஆபீஸ்ல பேசிக்கிடலாமே. நானும் இப்பத்தான் அதையே பிரசங்கத்துல..." "அதுக்குத்தான் ஐயா இங்க சொல்லுதேன். நீங்க என்கிட்டப் படிச்சதுதானே." "ஐயாயிரம் பிரதிம்மா!" "அச்சகத்துல பண்ண முடியாது. கையால அடிப்பேன். என் கை இருக்கு, மை இருக்கு." அவர் முகத்தில் அந்தப் பதினாலு வயதுப் பையன் எட்டிப் பார்த்தான், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள், உபதேசியார் பெஞ்சு பெஞ்சாகப் புத்தகம் கொடுத்துக்கொண்டு வந்தார். முதல் பெஞ்சில் வழுக்கைத் தலை குனிந்து பக்கம் அறுபத்திரண்டைத் தேடிக்கொண்டிருந்தது. அது சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் நான் கவலைப்பட்டிருக்கமாட்டேன்.

"இன்னும் ஒண்ணு," என்றேன். "இதைப் பதினோரு வருஷத்துக்கு முந்தியே ஒருத்தர் கண்டுபிடிச்சு எனக்கு எழுதினார். வேப்பலோடை உப்பளத்துல எடைக் கொட்டகையில வேலை. பேரு சுடலைமுத்து. நான் அவருக்குப் பதில் எழுதல. முத்திரை குத்தி அனுப்பினேன். பன்னிரண்டு பாடத்திலயும் நூத்துக்கு நூறு எடுத்தவங்க ஒன்பது பேருன்னு எல்லாக் கூட்டத்திலயும் சொல்லியிருக்கேன். ஒன்பது இல்ல. பத்து." அந்தப் பெயரைக் கோயிலுக்குள் சத்தமாகச் சொன்னபோது குரல் நன்றாகக் கணீரென்றே வந்தது. இறங்கி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஊருக்கு முன்னால இப்படி மானத்த வாங்கிட்டியே திர்சா. அந்தாளு இப்ப அங்க இருக்கானோ, இல்லியோ." "இருக்காரான்னு நாளைக்குப் போய்ப் பாப்பேன், மதினி. நீங்களும் வாரீயளா?" அவள் விசிறியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "பஸ் எத்தன மணிக்கு?" என்றாள்.

கைப்பையைத் திறந்தேன். விறைத்த அந்த விடைத்தாளை மடியில் விரித்தேன், விரலில் உப்பு ஒட்டியது. திருத்திய மதிப்பெண்ணை மாற்றுவதில்லை என்பது என் சட்டம், இருபத்தாறு வருஷத்தில் ஒரு தரமும் மாற்றியதில்லை. சிவப்புப் பேனாவால் தொண்ணூற்றைந்தை அடித்தேன், பக்கத்தில் நூறு என்று எழுதினேன், தி. ந. என்று கையெழுத்துப் போட்டேன், இன்றைய தேதி போட்டேன், தாளைத் தோல் அட்டை வேதாகமத்துக்குள் வைத்து மூடினேன். பிறகு உபதேசியார் கொண்டுவந்து வைத்த கட்டின் மேலிருந்த முதல் புத்தகத்தை எடுத்தேன். பக்கம் அறுபத்திரண்டைத் திருத்தினேன். அட்டைக்குத் திரும்பி, எழுதியவர் தி. நவமணி என்று இருந்ததற்குக் கீழே, என் பெயர் அளவுக்கே பெரிதாக, திருத்தியவர் சுடலைமுத்து, வேப்பலோடை என்று எழுதினேன். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். அட்டை இப்போதுதான் முழுசாக இருந்தது. ஊதிக் காயவைத்துவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்தேன், அட்டையில் பெயர் எழுத இன்னும் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது இருந்தது.